700 பலகைகள், மூன்று மணி

நிகழ்ச்சி மேலாண்மை படிக்க வரும் பிள்ளைகள் பலரும் மேடை, விளக்கு, அலங்காரம் என்ற நினைப்போடுதான் வருகிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் காட்டுவது 2022இல் சென்னையை அடுத்த மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட்டை. ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த தொடக்க விழாவை உலகமே பார்த்தது. ஆனால் நிகழ்ச்சி நடத்தும் கலையை ரசிக்கத் தெரிந்தவர் கவனிக்க வேண்டியது, மறுநாள் தொடங்கி 11 சுற்றுகள் நடந்த போட்டி அரங்கை.

பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162. ஒரு சுற்றில் அணிக்கு நான்கு பேர் ஆடுவார்கள். ஆக, 700 பலகைகள், 1,400 நாற்காலிகள். ரஷ்யாவில் நடக்கவிருந்த போட்டி, உக்ரைன் போரால் இடம் மாறிச் சென்னைக்கு உறுதியானபோது மார்ச் பாதி கடந்துவிட்டது. கையில் இருந்தது நாலரை மாதத்துக்கும் குறைவு. இருந்த அரங்கு போதாமல் இன்னொன்றையும் அதற்குள் கட்டி எழுப்பினார்கள்.

இதைவிடப் பெரிய சவால் ஸ்விஸ் முறை. இன்று வென்ற அணி நாளை வென்ற அணியோடு மோதும், தோற்றது தோற்றதோடு. இன்றைய கடைசி ஆட்டம் முடியாமல் நாளைக்கு யார் எந்த மேசை என்று சொல்ல முடியாது. ஆனாலும் பிற்பகல் மூன்று மணிக்குச் சுற்று தொடங்கியாக வேண்டும். கல்யாண வீட்டில் சமையல்காரரின் திறமை சாப்பாட்டில் தெரியும். நடத்துகிறவரின் திறமை முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்தி உட்காரும் இடைவெளியில்தான் தெரியும். இங்கே அந்த இடைவெளி ஓர் இரவும் ஒரு காலையும்.

ஒரு மேசையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஓர் அணியின் நால்வரும் ஒரே பக்கமாக வரிசையில் உட்காருவார்கள். முதலாமவருக்கு வெள்ளைக் காய் என்றால் பக்கத்திலிருப்பவருக்குக் கறுப்பு, அடுத்தவருக்கு மறுபடி வெள்ளை. அதனால் அடுத்தடுத்த பலகைகளில் காய்களை எதிரெதிராகத் திருப்பி அடுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாக்களையும் நடுக்கட்டங்களில் நிறுத்துவார்கள். வெள்ளைக் கட்டங்களில் நின்றால் வெள்ளைக்கு வெற்றி, கறுப்புக் கட்டங்களில் நின்றால் கறுப்புக்கு; ஆளுக்கொரு நிறத்தில் நின்றால் சமன். மின்னணுப் பலகை அதைப் படித்து முடிவை அனுப்பிவிடும். அந்த முடிவுகள் சேர்ந்துதான் மறுநாள் எந்த அணியின் பெயர்ப்பலகை எந்த மேசைக்கு வரும் என்பதைத் தீர்மானிக்கும்.

இங்கேதான் மாணவருக்குப் பாடம் இருக்கிறது. மேசை வரிசை, மின்சாரம், பேருந்து, உணவு, கழிப்பறை, நுழைவுச் சோதனை என்று முன்கூட்டியே முடிக்கக்கூடியதை எல்லாம் முடித்து வைத்தால்தான், கடைசி நேரத்தில் மட்டுமே தெரியவரும் விஷயத்துக்கு ஆளும் நேரமும் மிஞ்சும். தொடக்க விழாவுக்கு நான்கு நாள் முன்பு அதே அரங்கில் ஒரு ரேபிட் (விரைவு ஆட்ட) போட்டியை நடத்திப் பார்த்ததும் இதற்காகத்தான். தொடக்க நாளன்றே பாகிஸ்தான் அணி விலகியது. ஏற்பாடு அதையும் தாங்கிக்கொண்டது.

கூட்டம் நடத்துவதற்கும் அங்கே பாடம் உண்டு. ஆகஸ்ட் 7 அன்று உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தேர்தல் சென்னையில் நடந்தது. அர்காதி துவோர்கோவிச் மீண்டும் தலைவரானார். விஸ்வநாதன் ஆனந்த் துணைத் தலைவரானார். அதே நாளில் ஒன்பதாம் சுற்றும் நடந்தது. போட்டிக்கு இருக்கை ஒழுங்கு உயிர் என்றால், கூட்டத்துக்கு உயிர் நிகழ்ச்சி நிரலும் வாக்குரிமைப் பட்டியலும். யார் பேசலாம், எவ்வளவு நேரம், யாருக்கு வாக்கு என்பது கதவு திறப்பதற்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டும்.

பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் பெண்கள் பிரிவில் உக்ரைனும் தங்கம் வென்றன. ஏற்பாட்டாளர்களுக்குப் பதக்கம் கிடையாது. ஆனால் 1,400 பேர் தங்கள் ஆட்டத்தைத் தவிர வேறெதையும் யோசிக்காமல் உட்கார முடிந்ததற்கு அவர்கள்தான் காரணம். பிறருடைய கவனத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும் இந்தத் தொழிலை, ஒரு கலையாக மதித்துப் படிக்க வேண்டும்.