லயமும் இல்லமும்

சுவீடன் நாட்டு ஓவியர் கார்ள் லார்சன் 1899 இல் வெளியிட்ட ‘ஒரு வீடு’ என்னும் நூலில், சுண்ட்போர்ன் கிராமத்துத் தம் மனையின் அறைகளையே நீர்வண்ணத்தில் தீட்டினார். மாமனார் அளித்த அம்மனையை மனைவி காரின் தம் கைநெசவால் அணிசெய்தார். இன்று அது காட்சிச்சாலையாக விளங்குகின்றது.

வீடே காட்சியாகும் முறைக்கு நம் மலையகத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. கம்பளைக்கு அண்மையில், பழைய பீகொக் தோட்டத்து லயமொன்றில் 2007 இல் அமைந்த தேயிலைத் தொழிலாளர் நூதனசாலையே அது. (லயம் என்பது இசைவல்லார்க்கு இனிய சொல், தோட்டத்தார்க்கோ ‘லைன்’ என்பதன் திரிபு.) தொழிற்கருவிகளும் வீட்டுப் பொருள்களும் அங்குள்ளன. ஆயினும் அவற்றினும் மிகுதியாகப் பேசுவன சுவர்களே. ஓரறையில் ஒரு குடும்பம். ஒற்றைச் சுவருக்கு அப்பால் மற்றொன்று. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. காரினைப் போலவே இங்குள்ள பெண்ணும் தன் அறையை மெழுகிக் கோலமிட்டாள். எனினும் கூரை தோட்டத்துக்கே உரியது. வேலை போயின் அதுவும் போயிற்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மிகப் பலரை நாடற்றோராகவும் ஆக்கிற்று. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அக்குறை நீங்கியும், நிலவுரிமை பெரும்பாலோர்க்கு எட்டவில்லை.

நூதனசாலையுட் புகுந்த பொருளைக் கழிந்த காலத்தது என்றே காண்போர் கொள்வர். இக்காட்சிக்குள்ள இடர் அதுவே. திம்புள்ளச் சரிவுகளில் லயத்து அடுப்புகள் இன்றும் புகைகின்றன. அங்கிருந்து செல்பவர் காண்பது வரலாறு அன்று, தம் அடுத்த வீட்டையே.