மொட்டைமாடியில் கிடந்தவர்
('தல்வார்' திரைப்படம் குறித்துச் சில எண்ணங்கள்)

கொலை வழக்கைத் திரைப்படமாக்கும் வழக்கம் நாம் வந்து குடியேறிய இந்த மலையாள நாட்டிற்குப் புதிதன்று. 1966ஆம் ஆண்டு சூன் திங்களில் ராந்நியை அடுத்த மாடத்தருவிப் பகுதியில் ஒரு விதவைப் பெண்ணின் உடல் கண்டெடுக்கப்பட்டது. பெனடிக்ட் ஓணங்குளம் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் கைதானார். கொல்லம் செஷன்ஸ் நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரிலேயே அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 1967இல் கேரள உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. விடுதலை பெற்ற அந்த ஆண்டிலேயே அவ்வழக்கைத் தழுவி ஒன்றல்ல, இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று குஞ்சாக்கோவின் 'மைனத்தருவி கொலக்கேஸ்', மற்றொன்று பி. ஏ. தாமசின் 'மாடத்தருவி'. நாளிதழில் படித்ததை வெண்திரையில் காணும் ஆவல் மக்களுக்கு எக்காலத்தும் உண்டு. அந்த ஆவலைக் காசாக்கும் வணிகமும் எக்காலத்தும் உண்டு.

மேக்னா குல்சார் இயக்கி 2015ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் வெளிவந்த 'தல்வார்' என்னும் இந்திப் படத்தை இவ்வரிசையில் வைத்து ஒதுக்கிவிட முடியாது. மாடத்தருவிப் படங்கள் வந்தபோது பாதிரியார் விடுதலையாகியிருந்தார். 'தல்வார்' வந்தபோதோ, தண்டனை பெற்ற பெற்றோர் இருவரும் தாஸ்னா சிறையில் ஆயுள் கைதிகளாக இருந்தனர்; மேல்முறையீடு அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் காத்துக்கிடந்தது. தீர்ப்பு வருமுன் நீதிமன்றத்திற்கு வெளியே நின்று, "இத்தண்டனை தவறு" என்று உரக்கச் சொன்ன படம் இது. அத்துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் அத்துணிவுக்கு யார் விலை கொடுத்தார் என்ற கேள்வியையும் நாம் கேட்டாக வேண்டியிருக்கிறது.

வழக்கைச் சுருங்கச் சொல்வோம். 2008ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் காலை, தில்லியை அடுத்த நொய்டாவில் ஓர் அடுக்குமாடி வீட்டில், பதினான்காம் பிறந்தநாளை எட்டச் சில நாள்களே இருந்த ஆருஷி என்ற சிறுமி கொலையுண்டு கிடந்தாள். பெற்றோர் இருவரும் பல் மருத்துவர்கள். வீட்டுச் சமையற்காரர் ஏமராஜைக் காணவில்லை. நேபாளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர் அவர். காணவில்லை என்ற ஒன்றே போதுமானதாயிற்று. கொலைகாரன் அவன்தான் என்று காவல்துறை முடிவு கட்டியது. மறுநாள் அதே கட்டடத்தின் மொட்டைமாடிக் கதவின் பூட்டு உடைக்கப்பட்டபோது, ஏமராஜின் உடல் அங்கே கிடந்தது. ஒரு நாள் முழுதும் ஊரெல்லாம் தேடப்பட்ட குற்றவாளி, அதே வீட்டின் தலைக்கு மேல் பிணமாகக் கிடந்திருக்கிறார்.

அதன் பின் கதை மாறியது. தந்தை கைதானார். காவல்துறை உயர் அதிகாரி ஒருவர் செய்தியாளர்களை அழைத்து வழக்கை விளக்கியபோது இறந்த பெண்ணின் பெயரையே தவறாக 'ஸ்ருதி' என்றார். (திரைப்படம் தன் கதையில் வரும் சிறுமிக்கு அந்தப் பெயரையே சூட்டியிருக்கிறது. படத்தின் கசப்பான நகைச்சுவைக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.) வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. அத்துறையின் முதற்குழு தந்தையை விடுவித்து, வேலைக்காரர் மூவரைப் பிடித்தது. 2009இல் பொறுப்பேற்ற இரண்டாம் குழு மீண்டும் பெற்றோரிடம் திரும்பியது. அக்குழுவே போதிய சான்றில்லை என்று 2010 டிசம்பரில் வழக்கை முடித்துக்கொள்ள அறிக்கை கொடுத்தது. நீதிமன்றம் அதை ஏற்காமல், அந்த அறிக்கையையே அடிப்படையாகக் கொண்டு பெற்றோரை விசாரணைக்கு நிறுத்தியது. 2013 நவம்பரில் காசியாபாத் தனி நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

இந்தக் குழப்பத்தைத் திரைக்கதையாக்கியவர் விசால் பரத்வாஜ். அதற்குத் தேசிய விருதும் பெற்றார். அவருடைய உத்தி எளியது. உள்ளூர்க் காவலர் சொன்ன கதை, முதற்குழு சொன்ன கதை, இரண்டாம் குழு சொன்ன கதை என ஒரே இரவை மும்முறை நடத்திக் காட்டுகிறார். ஒவ்வொரு முறையும் அதே வீடு, அதே மனிதர். ஆனால் தாயின் முகம் ஒரு கதையில் துயரத்தின் முகம், மற்றொன்றில் கொலையின் முகம். கொங்கணா சென் சர்மாவும் நீரஜ் கபியும் மிகைப்படாமல் இதைச் செய்து காட்டுவது வியப்புக்குரியது. அழவில்லை என்பதே அந்தத் தாய்மீது ஊர் சுமத்திய குற்றம் அன்றோ? நடிகை அழாமலேயே நம்மை அழச் செய்கிறார்.

புலனாய்வு அதிகாரி அசுவின் குமாராக வரும் இர்பான் கான் படத்தின் தூண். சோர்வும் கிண்டலும் கலந்த குரலில், அலுவலகத்தில் நாம் தினமும் காணும் மனிதர்போலவே வருகிறார். இறுதியில் இரண்டு குழுவினரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, தத்தம் கொள்கையை மற்றவர் முன் வைத்து வாதாடும் நீண்ட காட்சி இருக்கிறது. கிண்டலும் சிரிப்பும் அங்கே தாராளம். ஓர் உயிரின் முடிவு கூட்டக்குறிப்பில் ஏறும் விதத்தை அரசு அலுவலகம் எதிலும் பணிபுரிந்தவர் எளிதில் மறக்க மாட்டார்.

கோப்புகளிடையே காலம் தள்ளும் நமக்கு இவ்வழக்கில் உறுத்துவது இன்னொரு செய்தி. சந்தேகத்திற்குள்ளான வேலைக்காரர் ஒருவரின் அறையிலிருந்து எடுத்த தலையணை உறையில் ஏமராஜின் இரத்தம் இருந்ததாக ஐதராபாத் ஆய்வுக்கூடத்தின் அறிக்கை காட்டியது. பின்னர் அது தட்டச்சுப் பிழை என்றும், இரு உறைகளின் விவரம் இடம் மாறிவிட்டது என்றும் விளக்கம் வந்தது. தட்டச்சுப் பிழையால் ஓய்வூதியம் தாமதமானவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு பிழை இருந்ததா இல்லையா என்பதன்மேல் ஆயுள் தண்டனை ஊசலாடுவதை இங்கேதான் கண்டோம்.

சிலப்பதிகாரத்தைப் படித்தவர்க்கு இவ்வழக்கு முற்றிலும் அன்னியமானதன்று. கோவலன் வெளியூரான் என்பதையும், பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் மன்னன் நம்பினான் என்பதையும் அனைவரும் சொல்வர். நமக்கு நினைவுக்கு வருவது வேறொரு பகுதி. கொல்லச் சென்ற காவலர் தயங்குகின்றனர். இவன் முகத்தில் கள்வனின் களை இல்லையே என்கின்றனர். அப்போது பொற்கொல்லன் களவு நூல் வல்லவனாக மாறி, கள்வர்க்குத் துணையாகும் எட்டினை விரித்துரைக்கிறான். சான்று இல்லாத இடத்தைப் புலமை நிரப்புகிறது. நொய்டா வழக்கிலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இல்லாத செய்திகள், மாதங்கள் பல கடந்தபின் மருத்துவரின் வாக்குமூலத்தில் முளைத்தன. கொன்ற கருவி முதலில் ஒன்றாக இருந்து, பிறகு 'கோல்ஃப்' மட்டையாயிற்று. படம் இப்பகுதிகளைச் சிரிப்பும் சினமுமாகக் காட்டுகையில் மிகச் சிறந்து நிற்கிறது.

இனி நம் மனக்குறைக்கு வருவோம்.

பெற்றோர் குற்றமற்றவர் என்று காட்டப் படம் எடுத்துக்கொண்ட வழி, வேலைக்காரரைக் குற்றவாளிகளாகக் காட்டுவது. மூன்று கதைகளும் சமமானவை என்ற தோற்றம் இருப்பினும், இர்பான் கானின் கதைக்கே காமிராவின் நம்பிக்கை முழுதும் செல்கிறது. அக்கதைக்கு ஆதாரம் எது? மருந்து செலுத்தி அரை மயக்கத்தில் பேச வைக்கும் 'நார்கோ' சோதனை. அச்சோதனைக் காட்சி படத்தில் உண்மை வெளிப்படும் கணமாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒருவரின் விருப்பமின்றி அச்சோதனை நடத்துவது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று, செல்வி என்பார் கருநாடக அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் 2010 மே திங்களிலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஐந்து ஆண்டு கழித்து வந்த படத்திற்கு இது தெரியாததன்று. பெற்றோர் தரப்பில் ஒவ்வொரு சான்றையும் துருவித் துருவிக் கேள்வி கேட்கும் படம், இவர்கள் தரப்பில் மட்டும் மயக்கத்தில் உளறிய சொல்லை அப்படியே ஏற்கிறது.

அம்மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. அவர்கள் விசாரிக்கப்படவுமில்லை, எனவே தம் பக்கத்தை எடுத்துரைக்க அவர்களுக்கு ஒரு நீதிமன்றமும் வாய்க்கவில்லை. அதனால்தான் அவர்கள் பெயரை இங்கே நாம் எழுதவில்லை. சந்தேகத்திற்குக் காரணமே இல்லை என்று நாம் வாதிடவில்லை. தலையணை உறை போன்றவை விசாரிக்கப்பட்டிருக்க வேண்டியவையே. ஆனால் விசாரணை வேறு, திரையில் கொலை செய்து காட்டுவது வேறு. பெற்றோர்க்காகப் பேச வழக்கறிஞர் இருந்தனர், உறவினர் இருந்தனர். நூல் எழுதுவோரும் படமெடுப்போரும் முன்வந்தனர். இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945இல் தண்டனை பெற்ற தியாகராச பாகவதரும் நம் நாஞ்சில் நாட்டுக் கலைவாணரும் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947இல் வெளிவந்தனர். அத்தனை தூரம் வழக்கை நடத்தப் பொருள் வேண்டும், பெயர் வேண்டும். நேபாளத்திலிருந்து வந்து பாத்திரம் கழுவுபவருக்கு இரண்டும் இல்லை.

பொன்முடிக்கும் போணக்காட்டிற்கும் தேயிலை கிள்ள வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வாழும் வித்துராவில் இப்படத்தைப் பார்த்துப் பேசியபோது, நம் பேச்சு பெற்றோரைவிட ஏமராஜைப் பற்றியே நீண்டது. ஊரில் ஒன்று காணாமற்போனால் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படும் என்பது நம் பாட்டன்மாருக்குத் தெரியும். இன்று அந்த இடத்தில் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வரும் பிள்ளைகள் நிற்கின்றனர். அவர்களைப் பற்றி நம் வீட்டுத் திண்ணையிலேயே என்ன பேசப்படுகிறது என்பதும் நமக்குத் தெரியாததன்று. படம் பார்த்துவிட்டு, "வேலைக்காரப் பையன்கள்தான் செய்திருப்பார்கள்" என்று நம்மில் சிலரே எளிதாகச் சொன்னது காதில் இன்னும் நிற்கிறது.

2017 அக்டோபர் 12ஆம் நாள் அலகாபாத் உயர்நீதிமன்றம் பெற்றோர் இருவரையும் விடுவித்தது. நீதிபதிகளுள் ஒருவர் தம் தீர்ப்பில், விசாரணை நீதிபதி சிதறிக்கிடந்த செய்திகளை ஒரு திரைப்பட இயக்குநர்போலக் கோவைப்படுத்த முயன்றார் என்று கடிந்திருந்தார். திரைப்படம் பார்த்து விமரிசனம் எழுதும் நமக்கு அவ்வுவமை சுருக்கென்று தைத்தது. சிதறியவற்றை ஒரு கதையாக்கும் அதே ஆசை 'தல்வாரி'லும் இருக்கிறது. காசியாபாத் நீதிபதி ஒருவர்மேல் சாய்ந்தார், படம் வேறொருவர்மேல் சாய்ந்தது, அவ்வளவே.

இவ்வளவு சொன்னபின்பும் இப்படத்தை அன்பர்கள் பார்க்க வேண்டும் என்றே சொல்வோம். வயது வந்த பிள்ளைகளையும் உடன் அமர்த்திப் பார்க்கலாம். மூன்றாவது கதை முடிந்ததும் நிறுத்தி, நான்காவது கதை ஒன்று இருக்கக்கூடுமா என்று அவர்களைக் கேட்கலாம்.

உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின், 2017 டிசம்பரில், ஏமராஜின் மனைவி உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். நடந்தது கொலை என்று ஒப்புக்கொள்ளும் தீர்ப்பு, கொன்றவர் எவர் என்று சொல்லவில்லையே என்பது அவருடைய முறையீடு.