பெரிசாஸ்திரியின் ஜன்னல்

போன வருஷம், ஒற்றைப்படை நிறைவெண் கிடையவே கிடையாதுன்னு பதினோரு பக்கத்துக்கு ஒரு நிரூபணம் எழுதினேன். அது என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கப்புறம்தான் எம். பெரிசாஸ்திரி 1958-ல் எழுதிய ஒரு சின்னக் குறிப்போட அருமை எனக்குப் புரிஞ்சுது.

ஒரு எண்ணின் வகுத்திகளை (அந்த எண்ணை விட்டுட்டு) கூட்டினா அதே எண் வந்தால் அது நிறைவெண். 6 = 1+2+3. அப்புறம் 28, 496, 8128. தெரிஞ்ச எல்லாமே இரட்டைப்படை. ஒற்றைப்படையில் ஒண்ணு இருந்தால் அது 10-இன் 1500-ஆம் அடுக்கைவிடப் பெரிசா இருக்கணும்னு 2012-ல் ஓஷெம், ராவ் காட்டினாங்க. இல்லவே இல்லைன்னு இன்னும் யாரும் காட்டலை.

குறிப்பு வந்தது இந்தியக் கணிதக் கழகத்தின் 'மேத்தமேடிக்ஸ் ஸ்டூடண்ட்' இதழில். 1907-ல் அந்தக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமஸ்வாமி ஐயர், 1910-ல் எங்க கோலியனூருக்கு மேற்கே திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டர். ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தோட வேலை கேட்டுப் போனது அவர்கிட்டதான். (அந்தப் பக்கம் பஸ்ல போனா இப்பவும் ஞாபகம் வரும்.)

பெரிசாஸ்திரி "இல்லை"ன்னு சொல்லலை. அப்படி ஒரு எண் இருந்தா, அதன் பகாக் காரணிகளின் தலைகீழிகளைக் கூட்டினால் 1/2-க்கும் 0.903-க்கும் நடுவுலதான் வரும்னு மட்டும் சொல்றார். அந்த 0.903 என்பது பை/2-இன் இயல்மடக்கையின் இரு மடங்கு. பை எங்கேருந்து வந்துச்சு? எல்லா ஒற்றைப் பகா எண்ணுக்கும் (1 − 1/ப²) என்பதைப் பெருக்கினால் 8/பை² வரும். நிறைவெண்ணுக்கு (1 + 1/ப) பெருக்கல் 2-ஐத் தாண்டாது. ரெண்டையும் சேர்த்து மடக்கை எடுத்தால் மேல்வரம்பு ரெண்டே வரியில் விழுந்துடும். அழகு!

ஆனா ஜன்னல் ரொம்ப அகலம். கீழ்வரம்பை நானே பேப்பர்ல 0.569 வரைக்கும் ஏத்திட்டேன்: மிகச்சிறிய ஒற்றைப் பகா எண் 3 என்பதைப் பயன்படுத்தினாலே போதும். மேல்வரம்புக்கு மேலே நான் சொன்ன வழியில், ஒரே ஒரு காரணியைத் தவிர மற்றதெல்லாம் இரட்டை அடுக்கில்தான் வரணும் என்கிற ஆய்லரின் முடிவு தேவையே படலை. கையில இருக்கிற ஆயுதத்தை எடுக்காம சண்டைக்குப் போன மாதிரி. டி. சூர்யநாராயணா 1960-களில் இந்த எல்லைகளை இன்னும் நெருக்கினார்.

இப்ப என் பதினோரு பக்கம். 1638-ல் டெகார்ட் ஒரு எண் கொடுத்தார்: 198585576189 = 3² × 7² × 11² × 13² × 22021. 22021 பகா எண்ணுன்னு வச்சுக்கிட்டா வகுத்திக் கணக்கு அச்சு அசலா நிறைவெண்ணுக்கானதா வரும். கால்குலேட்டர்ல நீங்களே போட்டுப் பாருங்க: 13 × 57 × 133 × 183 × 22022. சரியா ரெண்டு மடங்கு. ஆனா 22021 = 19² × 61, அவ்வளவுதான், கதை முடிஞ்சுது.

இந்தப் போலி எண்ணை பெரிசாஸ்திரியின் ஜன்னல்ல வச்சேன். கூட்டல் 0.644, உள்ளே போயிடுச்சு. அவர் அதைத் தடுப்பேன்னு சொல்லவும் இல்லை. என் நிரூபணத்தில் வச்சேன். இப்படி ஒரு சமன்பாடே வராதுன்னு அது அடிச்சுச் சொல்லுச்சு. கண்ணெதிரே வந்திருக்கு! 22021 நிஜமாவே பகா எண்ணான்னு கேட்கிற வரி என் பதினோரு பக்கத்தில் ஒண்ணுகூட இல்லை.

தப்பு ஆறாம் பக்கத்தில் இருந்துச்சு. கண்டுபிடிக்க ரெண்டு ராத்திரி ஆச்சு.