புல எண் தெரியாதவர்கள்

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி ஜனநாயகம் பேசுகிறவர்கள் அதன் தகுதி விதிகளைச் சத்தமாக வாசிப்பதில்லை. 919, 921இல் பொறித்த விதிகள் சுவரில் எல்லோர் கண்ணிலும் பட்டன. வரிகட்டும் கால்வேலி நிலம், சொந்த மனை, வேதப்பயிற்சி உள்ளவருக்கே குடவோலையில் பெயர். கண்ணில் படுவது வேறு, கைக்கு எட்டுவது வேறு.

அதே வட்டத்துப் பெருநகரில் இருந்துகொண்டு, அரசின் நிலப்பதிவு இணையப் பக்கத்தை ஒரு பிரதியாக வாசிக்கிறேன். 'அ' பதிவேட்டை யாரும் பார்க்கலாம். ஆனால் மாவட்டம், வட்டம், கிராமம் சொன்னபிறகு அது புல எண் கேட்கிறது. நம்ம சனங்களுக்கு நிலம் என்பது 'ஏரிக்கரைக் கழனி', 'தாத்தா உழுத கொல்லை'. 'இந்த ஊர்ல பஞ்சமி நிலம் எவ்வளவு?' என்று கேட்க அங்கே கட்டமே கிடையாது. வளைத்தவருக்கு எண் தெரியும். இழந்தவருக்கு இடம்தான் தெரியும்.

செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீரின் 1891 அறிக்கையை ஒட்டி ஒதுக்கிய நிலம் இது. இதைக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

'சனங்களுக்குத் தேடத் தெரியல' என்பது பாதி உண்மை. பக்கத்து நிலத்தின் பட்டாவிலுள்ள எண்ணைப் பிடித்து, கிராம வரைபடத்தில் நகர்ந்து, நம் புலத்தை அடையக் கற்றுத்தரலாம், தரவேண்டும். ஆனால் வாசகர் நேரத்தை மிச்சப்படுத்துவது நூலகத்தின் கடமை என்று எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே சென்னையில் விதி செய்துவிட்டார். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் (2005) நான்காம் பிரிவும் ஆவணங்களைத் தேட வசதியாக அட்டவணைப்படுத்தச் சொல்கிறது. நில வகைப்படி தேட ஒரு கட்டம் வை என்று கேட்பதும் நிலப் போராட்டம்தான்.