ஞானஸ்நானம் இல்லாமல் இரட்சிப்பு உண்டா? சிவகாசிப் பெண்களும் ஹோஃபரின் புத்தகமும்

"ஞானஸ்நானம் வாங்காம செத்துப்போனா பரலோகம் கிடைக்குமா?" வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த இரண்டு கிறிஸ்தவ நண்பர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு நீங்கள் டீ குடித்துவிட்டு வரலாம். விவாதம் முடிந்திருக்காது.

நான் கிறிஸ்தவன் இல்லை. அப்புறம் ஏன் இந்தக் கேள்வி என்றால், எங்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் தவறாமல் போகிற, நெற்றியில் பொட்டும் வைத்திருக்கிற பெண்கள். வீட்டில் கேட்டால் "அவ ஜெபத்துக்குப் போவா, அவ்வளவுதான்" என்பார்கள். இவர்கள் யார்? சபையின் பதிவேட்டில் இல்லை. வீட்டின் குலதெய்வப் பூசையிலும் பாதி மனசுதான். இவர்களை முன்னால் வைத்துக்கொண்டு இந்தப் பழைய விவாதத்தைப் படித்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன்.

வசனம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

"ஞானஸ்நானம் கட்டாயம்" என்பவர்கள் முதலில் எடுப்பது மாற்கு 16:16. விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவனுக்கு இரட்சிப்பு, விசுவாசிக்காதவனுக்குத் தண்டனை என்பது அதன் சாரம். புரோகிராம் எழுதுகிறவன் கண்ணுக்கு இது உடனே ஒரு ட்ரூத் டேபிளாகத் தெரியும். விசுவாசம், ஞானஸ்நானம் என்று இரண்டு மாறிகள். ஆக நான்கு வரிசைகள். இரண்டும் உண்டு என்றால் இரட்சிப்பு. விசுவாசம் இல்லை என்றால், தண்ணீர் பட்டிருந்தாலும் படாவிட்டாலும் தண்டனை. மூன்று வரிசைகள் நிரம்பிவிட்டன. விசுவாசம் உண்டு, ஞானஸ்நானம் இல்லை என்கிற நான்காவது வரிசையைப் பற்றி அந்த வசனம் வாயே திறக்கவில்லை. இரண்டு தரப்பும் அந்தக் காலிக் கட்டத்தில் தங்கள் விடையை எழுதிவிட்டு, வசனமே சொல்கிறது என்கிறார்கள். இதில் இன்னொன்று: மாற்கு 16இன் 9 முதல் 20 வரையுள்ள பகுதி, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை.

மற்ற வசனங்களும் இப்படித்தான் இழுபறி. யோவான் 3இல் நீரினாலும் ஆவியினாலும் பிறக்கவேண்டும் என்று இருக்கிறது. லூக்கா 23இல் சிலுவையில் தொங்கும் கள்வனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைக்கிறது. அப்போஸ்தலர் 10இல் கொர்நேலியு வீட்டாருக்கு முதலில் ஆவி இறங்குகிறது, தண்ணீர் பிறகு. "பாருங்க, தண்ணீருக்கு முன்னாடியே வந்துடுச்சு" என்கிறது ஒரு தரப்பு. "வந்த பிறகும் பேதுரு தண்ணீர் கொடுக்கச் சொன்னாரே" என்கிறது மறுதரப்பு. இரண்டுமே சரி.

சபைகளின் நிலையும் கவனிக்க வேண்டியது. லுத்தரன்களின் 1530ஆம் வருட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை ஞானஸ்நானம் அவசியம் என்கிறது. கத்தோலிக்கமும் அவசியம் என்கிறது. ஆனால் ஆசையிருந்தும் பெறமுடியாமல் இறந்தவருக்கு அந்த ஆசையே திருமுழுக்கு என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்தார், தம்மை அதோடு பிணைத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் மறைக்கல்வியின் நிலை. இந்தப் பக்கம் சால்வேஷன் ஆர்மி 1883இலிருந்து ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. நாகர்கோவிலில் அவர்களின் கேத்தரின் பூத் மருத்துவமனைக்குப் போகிற யாரும் அவர்களைக் கிறிஸ்தவர்கள் இல்லை என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இந்தச் சண்டையின் வடிவம் புதிதல்ல. குட்டிதான் தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிற குரங்கு நியாயம், தாயே குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் என்கிற பூனை நியாயம் என்று வைணவம் பிரிந்து வாதாடியதும், அருளுக்கு நம் பக்கத்திலிருந்து ஏதாவது வேண்டுமா என்ற இதே கேள்வியைத்தான்.

சிவகாசி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சிவகாசி. 1854இல் ராக்லாண்ட் என்ற சி.எம்.எஸ். மிஷனரி வடதிருநெல்வேலிப் பகுதியில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்கும் வேலையைத் தொடங்கினார். 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். அந்த வேலையின் எதிர்பாராத விளைச்சல் ஒன்றை அமெரிக்க ஆய்வாளர் எலைசா கென்ட் 2011இல் வந்த தன் கட்டுரையில் விவரிக்கிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்து நாடார் குடும்பங்களின் பெண்கள் சிலர் மிஷன் தொடர்பால் இயேசுவை நம்பினார்கள். ஞானஸ்நானம் பெறவில்லை. வெளியில் இந்து மருமகள், உள்ளே ஜெபம். 'இரகசியக் கிறிஸ்தவர்கள்'.

ஏன் இரகசியம்? 1899 சிவகாசிக் கலவரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோயில் நுழைவுக்காக நாடார்கள் உயிரையும் சொத்தையும் பணயம் வைத்த காலம் அது. அப்படிப் போராடுகிற சமூகத்தில் ஒரு வீட்டுப் பெண் பகிரங்கமாக முழுக்கு எடுத்தால் அது அவள் ஒருத்தியின் ஆன்மீகமாக நிற்காது. மொத்தக் குடும்பத்தின் மானப் பிரச்சினையாகிவிடும் என்பது என் வாசிப்பு. அவள் வீட்டை இழப்பாள், பிள்ளைகளை இழப்பாள்.

காலியாக இருந்த நான்காவது வரிசையில் குடியிருந்தவர்கள் இவர்கள்தான். "முழுக்கு இல்லையேல் நரகம்" என்று மேடையில் முழங்குகிறவர் இந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். முடியாமையால் பெறாதவருக்குக் கத்தோலிக்கம் திறந்து வைத்த அந்தக் கதவு, மாமியார் வீட்டில் சாவி இல்லாமல் வாழ்ந்த மருமகளுக்குத் திறக்காதா என்ன?

ஹோஃபர் எங்கே சறுக்குகிறார்

ஹெர்பர்ட் ஹோஃபர், சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் இருந்த அமெரிக்கர். சபைக்கு வெளியே இயேசுவை மட்டுமே வணங்குகிற தமிழர்களைத் தேடிக் களஆய்வு செய்து, 1991இல் 'சபையற்ற கிறிஸ்தவம்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் புத்தகம் போட்டார். இவர்களை 'ஞானஸ்நானம் பெறாத விசுவாசிகள்' என்று பெயரிட்டு, ஒரு பொருட்டாக மதித்து எழுதியது பெரிய காரியம். வெள்ளிக்கிழமைப் பெண்களை எனக்குப் புரியவைத்த புத்தகம் அது.

ஆனால் இருப்பதை விவரிப்பதிலிருந்து, இப்படியே இருக்கலாம் என்று பரிந்துரைப்பதற்கு அவர் நகரும்போது ஒரு கேள்வியை லேசாகக் கடந்துவிடுகிறார். அந்தக் கேள்வியை 1970களில், எம்.எம். தாமஸுடன் நடந்த விவாதத்தில் லெஸ்லி நியூபிகின் எழுப்பியிருந்தார். 1947இல் மதுரை, ராமநாதபுரம் பேராயராகி நம்ம பக்கத்துக் கிராமங்களில் சுற்றியவர் அவர். இந்து சமூகத்துக்கு உள்ளேயே கிறிஸ்துவை மையமாகக் கொண்ட கூட்டுறவு இருக்கலாமே என்றார் தாமஸ். கண்ணுக்குத் தெரிகிற ஒரு தனிச் சமூகம் வேண்டாமா என்று கேட்டார் நியூபிகின்.

இதை நம்ம ஊர் பாஷையில் சொன்னால்: முழுக்கு எடுக்காத விசுவாசி தன் சாதியை விட்டு ஒரு அடி நகர வேண்டியதில்லை. சேரியிலிருந்து வந்த விசுவாசியோடு ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுக்க வேண்டியதில்லை. முழுக்கு எடுத்த சபைகளிலும் சாதி இருக்கிறது, தனிக் கல்லறை வரைக்கும் இருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அங்கே அது குற்றம் என்று சொல்ல ஒரு அளவுகோல் இருக்கிறது. தனியாக வீட்டுக்குள் நம்புகிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே இடமில்லை.

சர்டிபிகேட்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை இல்லை. தலித் ஒருவர் முழுக்கு எடுத்தால் தமிழ்நாட்டில் பி.சி. ஆகிவிடுகிறார். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் எஸ்.சி. சான்றிதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையை நிராகரித்தபோது, அவர் பெற்ற ஞானஸ்நானமும் ஒரு சான்றாக நின்றது.

வேடிக்கை என்னவென்றால், 1970இல் பெருமாள் நாடார் எதிர் பொன்னுசாமி நாடார் வழக்கில், இந்துவாக மாறச் சடங்கு எதுவும் கட்டாயமில்லை, உண்மையான எண்ணமும் அதற்கேற்ற நடத்தையும் போதும் என்று இதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விசுவாசமா சடங்கா என்று போதகர்கள் அடித்துக்கொள்கிற கேள்விக்கு நீதிபதிகளும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்!

சரி, என் முடிவு. ஞானஸ்நானம் இல்லாதவருக்கு இரட்சிப்பு இல்லை என்று அடித்துச் சொல்ல வேத வசனங்கள் இடம் கொடுக்கவில்லை. அதனால் ஞானஸ்நானம் தேவையில்லாத ஒன்று என்றும் ஆகிவிடாது. இரட்சிப்பு என்பது கடவுளுக்கும் ஆளுக்கும் நடுவில். ஞானஸ்நானம் ஊர் பார்க்க நடப்பது. அதன் விலையும் ஊர் விதிப்பது. அந்த விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. சிவகாசி மருமகளுக்கு வீடு. தலித் மாணவனுக்குச் சான்றிதழ். வசதியான, மேல்சாதி ஆணுக்குப் பெரும்பாலும் சாதிப் பெருமை மட்டும். மூன்று பேரையும் ஒரே வசனத்தால் அளக்கிற போதகரும் சரி, மூன்று பேருக்கும் ஒரே சலுகை கொடுக்கிற ஹோஃபரும் சரி, இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. முழுக்கு எடுக்காத ஒருவரைப் பற்றிப் பேசும்போது, எடுத்தால் அவர் எதை இழப்பார் என்று முதலில் கேட்பதுதான் முறை. அந்த மூன்றாவது ஆளிடம் மட்டும் நியூபிகின் சார்பாக ஒரு கேள்வி எனக்கு உண்டு: நீங்கள் காப்பாற்றிக்கொள்வது விசுவாசத்தையா, பந்தியையா?