தீ ஆராய்ந்து தீண்டுமோ?

கனடா நாட்டு ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் காலை, வெடிமருந்து ஏற்றிவந்த ‘மோன் பிளாங்’ என்னும் பிரெஞ்சுக் கப்பலும் நார்வே நாட்டு ‘ஈமோ’வும் மோதிக்கொண்டன. பிரெஞ்சுக் கப்பல் தீப்பற்றியது. மக்கள் சன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தனர். ஏறத்தாழ இருபது நிமிடங்களில் அது வெடித்தது. நகரின் வடபகுதியாகிய ரிச்மண்டு அழிந்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். 9,000 பேர் காயமுற்றனர். கண்ணாடிச் சில்லுகளால் பார்வை இழந்தோர் பலர். மறுநாளே பனிப்புயலும் வந்து சேர்ந்தது.

அன்று அந்நகரில் பத்து வயதுச் சிறுவராயிருந்த ஹியூ மக்லென்னன், 1941-இல் இந்நிகழ்ச்சியை வைத்து ‘பாரோமீட்டர் ரைசிங்’ என்னும் ஆங்கிலப் புதினத்தை எழுதினார். வெடிப்பைக் கூறும் பகுதியே நூலின் சிகரம். நிலம் அதிர்ந்தது, காற்று அறைந்தது, கடல்நீர் எழுந்து கரையேறியது என மூவகை விசைகளையும் கணக்கர் ஏடுபோல் வரிசைப்படுத்துகிறார். ஆசிரியர் கண்ணீர் வடிக்கவில்லை. அதனாலேயே நம் நெஞ்சு நடுங்குகிறது. துயரை எழுதப் புகுவோர் கற்கத்தக்க அடக்கம் இது.

ஆயினும் ஒரு குறை உண்டு. கதைத்தலைவன் நீல், போர்க்களத்தில் ஆணை மீறினான் என்னும் பழியைச் சுமப்பவன். பழி சுமத்திய கர்னல் வெயின் வெடிப்பில் மடிகிறான். உண்மையறிந்த அலெக், சாட்சி கூறிவிட்டு உயிர் துறக்கிறான். நீலுக்கும் பெனலப்பிக்கும் பிறந்த குழந்தையை வளர்த்த தம்பதியரும் மாள்கின்றனர். குழந்தை பெற்றோரைச் சேர வழி பிறக்கிறது. முடிச்சுகள் யாவும் ஒரே வெடியில் அவிழ்ந்துவிடுகின்றன!

மதுரையை எரித்த தீ, இன்னாரை விடுக என்று கண்ணகி இட்ட ஆணைக்கு அடங்கியது. அது தெய்வத் தீ. காப்பிய அறத்துக்குப் பொருந்தும். ஹாலிபாக்ஸ் தீ யாரையும் ஆராயவில்லை. பள்ளிச் சிறுவரும், தொழிலாளரும், எதிர்க்கரையில் குடியிருந்த மிக்மாக் பழங்குடியினரும் அதில் மாண்டனர். அவர்கள் செய்த பிழை என்ன? காரணமற்ற சாவே அவ்வூரார் அடைந்த துயரின் உட்பொருள். கதையின் தேவைக்கேற்ப ஆளெடுக்கும் வெடி அப்பொருளை மறைத்துவிடுகிறது.

ஆசிரியப் பெருமக்கள் வெடிப்புப் பகுதியை மாணவர்க்குப் படித்துக் காட்டலாம்; முடிவைக் குறித்து வினா எழுப்பலாம். பேரிடர் கதைக்குக் களமாகலாம். கதாசிரியனுக்கு ஏவலாள் ஆகக் கூடாது.