கோவலனை வெட்டியவன் எங்கே?

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை மாணவர்க்குப் பலமுறை பாடம் சொல்லியிருக்கிறேன். வழக்குரை காதை முடியும்போது வகுப்பில் ஓர் அமைதி பரவும். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். முத்து இருக்க வேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறிக்கிறது. பாண்டியன் தன் பிழையை ஒப்புக்கொண்டு அரியணையிலேயே உயிர் விடுகிறான். நீதி நிறைவேறிவிட்டது என்னும் எண்ணத்தோடு மாணவர்கள் நூலை மூடுவார்கள். நானும் அவ்வாறே மூடி வந்தேன்.

ஒரு நாள் கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், கோவலனை வெட்டிய காவலனுக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள்?" என்று கேட்டான். சிலர் சிரித்தனர். எனக்கு விடை தெரியவில்லை. அவனுடைய தந்தையார் பொய்யான களவுப் புகார் ஒன்றின்பேரில் இரண்டு நாள் காவலில் வைக்கப்பட்டு, கால் வீங்கி வீடு திரும்பியவர் என்பதைப் பிறகே அறிந்தேன். பொருள் வேறோர் இடத்தில் கிடைத்ததும் புகார் கொடுத்தவர் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டாராம். அடித்தவர் வரவில்லை. அந்த மாணவன் கேட்ட கேள்வி இலக்கியக் கேள்வி மட்டுமன்று என்பதை உணர்ந்தபின் கொலைக்களக் காதையை மீண்டும் நிதானமாகப் படித்தேன். அப்படிப்பில் கண்டவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

அரசன் ஊர்காப்பாளரை அழைத்து இட்ட ஆணை நிபந்தனையோடு கூடியது. தேவியின் சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வருக என்பது அதன் கருத்து. விசாரணையின்றிக் கொலைக்கு ஆணையிட்டது அரசனின் பெருங்குற்றம். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் அவன் கள்வன்தானா, அச்சிலம்பு அரசியின் சிலம்புதானா என்று அவ்விடத்திலே தெளிய வேண்டிய பொறுப்பு காவலர் கையில் இருந்தது. அவர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் கொலைக்குரியவனாகத் தோன்றவில்லை என்று சொல்லவும் செய்கிறார்கள். ஐயம் அவர்கள் உள்ளத்தில் பிறந்துவிட்டது. அந்த ஐயத்தைப் பொற்கொல்லன் நகைத்துத் தள்ளுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று கள்வர்க்குத் துணையாவன எட்டினை அடுக்கிச் சொற்பொழிவு ஆற்றுகிறான். இளைஞனான ஒரு காவலன், முன்னொரு மழை இரவில் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கள்வன் ஒருவனின் கதையைச் சொல்லி, அரசன் நம்மை வருத்துவான் என்று அஞ்சி, என் செய்யலாம் எனக் கூட இருப்பவரைக் கேட்கிறான். அவ்வேளையில் கல்வியறிவற்ற, குடிமயக்கத்திலிருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இளங்கோவடிகளின் கூர்மையை இங்கே வியக்காமல் இருக்க முடியாது. காவலில் நிகழும் கொடுமையின் காரணங்கள் யாவும் இச்சிறு காட்சியில் உள்ளன: மேலிடத்து அச்சம், வழக்கை விரைந்து முடிக்கும் ஆசை, பழைய கள்வன் ஒருவன் தந்த அவமானத்தைப் புதியவன்மீது தீர்த்துக்கொள்ளும் மனம், ஐயுற்றவர் பலர் வாய்மூடி நிற்க, கை நீண்ட ஒருவன் செயலாற்றுவது. தடுக்கக் கூடியவர் பலர் அங்கே இருந்தனர். தடுத்தவர் ஒருவரும் இல்லை.

அதன்பின் நிகழ்வதைக் கவனிக்க வேண்டும். அரசன் இறக்கிறான், அரசி இறக்கிறாள், மதுரை எரிகிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்றும் நூல் கூறுகிறது. பழி சொன்ன குடிமகன் ஒருவனின் குற்றத்திற்கு அவன் தொழிலைச் செய்த குற்றமற்ற ஆயிரவர் உயிர் கொடுத்தனர். வாளை வீசிய காவலனுக்கோ தண்டனை சொல்லப்படவில்லை. அவன் பெயரும் சொல்லப்படவில்லை. மேலே அரசன் பொறுப்பேற்றான், கீழே குடிமக்கள் பொறுப்புச் சுமந்தனர். இடையில் நின்றவன் மறைந்து போனான்.

மேடைப் பேச்சாளர்கள் பாண்டியனின் மாண்பைப் போற்றுவது தகும். தன் ஆட்சியில் நேர்ந்த பிழைக்குத் தன்னையே தண்டித்துக்கொண்ட அத்தகைய பொறுப்புணர்வு எக்காலத்தும் அரிது. ஆனால் ஆயிரவர் பலியை ஒரு வரியில் கடந்து சென்று, காவலனை அறவே மறந்து, நீதி வென்றது என்று முடிப்பது நூலைப் பாதி படிப்பதாகும். அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்பது காப்பியத்தின் கொள்கை. அரசியல் என்பது அரியணை மட்டுமன்று. அரியணையின் பெயரால் தெருவில் நிற்கும் வாளும் அதுவே.

இனி அரபு நூலொன்றைப் பார்ப்போம். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கலீஃபா உமர் (ரலி) ஹஜ்ஜுக் காலத்தில் மக்கள் கூடியிருக்கையில், தம் அதிகாரிகளை மக்களை அடிப்பதற்காக அனுப்பவில்லை என்றும், அநீதிக்கு ஆளானவர் எழுந்து சொல்லலாம் என்றும் அறிவிக்கிறார். ஒருவர் எழுந்து, உங்கள் அதிகாரி என்னை நூறு சாட்டையடி அடித்தார் என்கிறார். எழுந்து பழிக்குப் பழி வாங்கிக்கொள்ளும் என்கிறார் கலீஃபா. அப்போது எகிப்தின் ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) குறுக்கிட்டு, இவ்வழக்கத்தைத் தொடங்கினால் அதிகாரிகளுக்கு அது பெருஞ்சுமையாகும் என்று முறையிடுகிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தம்மிடமிருந்து பழி வாங்கிக்கொள்ள இடம் தந்ததைத் தாம் கண்டிருக்க, அதிகாரிக்கு விலக்குத் தருவது எங்ஙனம் என்று உமர் (ரலி) மறுக்கிறார். முடிவில் ஓர் அடிக்கு இரண்டு தீனார் வீதம் இருநூறு தீனார் கொடுத்து அம்மனிதரைச் சமாதானம் செய்கிறார்கள்.

அதிகாரிகளின் ஊக்கம் குன்றிவிடும் என்னும் வாதம் நேற்றுப் பிறந்ததன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. அதே நூலில், அடித்தும் அச்சுறுத்தியும் பெறும் ஒப்புதல் செல்லாது என்று இமாம் தெளிவாக எழுதுகிறார்.

நம் மரபு முழுவதும் இவ்வாறே பேசிற்று என்று எழுதி மகிழ எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மையை மறைப்பது விமரிசகனுக்கு அழகன்று. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மாவர்தி (ரஹ்) தம் அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் காழிக்கும் அமீருக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்குமிடத்தில், ஐயம் வலுத்தால் குற்றம் சாட்டப்பட்டவனை உண்மை சொல்ல வைப்பதற்காக அமீர் அடிக்கலாம் என்று இடம் கொடுக்கிறார். அடித்துப் பெற்ற ஒப்புதலை, அடி நின்றபின் மறுபடி கேட்க வேண்டும் என்று ஒரு வரம்பும் வைக்கிறார். நீதிபதிக்கு இல்லாத சலுகை காவல் அதிகாரிக்குக் கிடைத்த வாயில் இது. அடித்தவன் அங்கேயே நின்றுகொண்டிருக்க, அடி நின்றபின் கேட்பதால் என்ன பயன்? இவ்விடத்தில் அபூயூசுஃபையே நாம் பின்பற்ற வேண்டும் என்பது என் துணிபு.

நம் நாட்டுச் சட்டத்திலும் இவ்விரண்டு போக்குகளும் அருகருகே நிற்கக் காணலாம். சென்னை மாகாணத்தில் வரி வசூலிலும் காவல் விசாரணையிலும் கிட்டி கட்டுதல் போன்ற சித்திரவதைகள் நிகழ்ந்தமையை 1855இல் அரசு அமைத்த ஆணையமே அறிக்கையாக வெளியிட்டது. காவலரிடம் அளித்த ஒப்புதல் சாட்சியமாகாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விதித்தது. ஒப்புதல் பெறுவதற்காகக் காயப்படுத்தினால் ஏழாண்டு வரையும், கொடுங்காயம் விளைவித்தால் பத்தாண்டு வரையும் சிறை என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330, 331ஆம் பிரிவுகள் கூறின. ஏட்டளவில் குறையில்லை.

மறுபுறம், பொது ஊழியர் கடமையின்போது செய்ததாகக் கூறப்படும் குற்றத்தை நீதிமன்றம் ஏற்க அரசின் முன்னனுமதி வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவு வேலி கட்டியது. மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டு அவ்வேலியைக் காவற்படையினர்க்கும் விரிக்கலாம். காவலில் அடிப்பது கடமையாகாது என்று நீதிமன்றங்கள் கூறியதுண்டு. எனினும் அந்த வாதம் தீர்வதற்குள் ஆண்டுகள் கழிகின்றன. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 218ஆம் பிரிவு, 120 நாளில் அரசு முடிவு செய்யாவிடில் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. இது நல்ல திருத்தம். ஆனால் காவலில் இருந்தவர்க்குக் காயம் நேர்ந்தால் அதைக் காவலரே விளைவித்ததாக நீதிமன்றம் கருதலாம் என்று சட்ட ஆணையம் 1985இல் தன் 113ஆம் அறிக்கையில் செய்த பரிந்துரை இன்றுவரை சட்டமாகவில்லை. பூட்டிய அறைக்குள் நிகழ்ந்ததற்கு வெளியே இருப்பவன் சாட்சி தேட வேண்டியிருக்கிறது. அறைக்குள் இருந்த சாட்சிகளோ அடித்தவரின் உடன்பணியாளர்கள். கோவலனைச் சுற்றி நின்றவர்களைப் போன்றவர்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2001 முதல் 2020 வரை காவலில் நேர்ந்த இறப்புகள் 1,888. குற்றப்பத்திரிகை பெற்ற காவலர் 358 பேர். தண்டனை பெற்றவர் 26 பேர். இறப்பெல்லாம் கொலையன்று, நோயும் தற்கொலையும் உண்டு. அவற்றைக் கழித்தாலும் இந்த இடைவெளி பேசுகிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1987 மே 22 அன்று மீரட் நகரின் ஹாஷிம்புராவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் ஆயுதக் காவற்படையினர் சுமார் 40 முஸ்லிம் ஆண்களை வண்டியில் ஏற்றிச் சென்று, சுட்டு, கால்வாயிலும் ஆற்றிலும் வீசினர். உயிர் தப்பிய சிலரே சாட்சிகள். குற்றப்பத்திரிகை 1996இல் வந்தது. சுட்டவர்கள் இவர்கள்தாம் என்று உறுதியாகவில்லை என 2015இல் 16 பேரும் விடுதலையாயினர். மேல்முறையீட்டில், அன்று பணியிலிருந்தோரின் பெயர் கொண்ட காவல்துறைப் பதிவேடு சாட்சியமாயிற்று. 2018 அக்டோபர் 31 அன்று தில்லி உயர் நீதிமன்றம் 16 பேருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. 31 ஆண்டுகள்! சான்று காவல்துறையின் ஏட்டிலேயே இருந்தது. ஒரு குடிமகன் நாற்பது பேரைக் கொன்றிருந்தால் அவன் பெயரைக் கண்டறிய இத்தனை ஆண்டு ஆகியிருக்குமா?

இங்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அச்சம்பவத்தில் முதல் வழக்கைப் பதியச் செய்தவர் அண்டை மாவட்டமான காசியாபாத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த விபூதி நாராயண் ராய். பின்னர் அவரே அதைப் பற்றி நூலும் எழுதினார். ஐயுற்று வாய்மூடி நின்ற மதுரைக் காவலரிடையே அத்தகைய ஒருவர் இருந்திருந்தால் காப்பியமே வேறாகியிருக்கும். காவலர் அனைவரையும் பகைவராகக் காண்பது, ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்ட அதே பிழையாகும். இரவில் நாம் உறங்க விழித்திருப்போர் அவர்கள். அவர்களுள் நேர்மையானவர்க்கு மதிப்பு நிலைக்க வேண்டுமானால், குற்றம் செய்தவர் பெயரோடு தனியே நிறுத்தப்பட வேண்டும்.

உயர்குலத்துப் பெண்ணொருத்தி களவு செய்தபோது அவளுக்காகப் பரிந்து பேச வந்தவரிடம், தம் மகள் ஃபாத்திமாவே ஆயினும் சட்டம் ஒன்றே என்று அண்ணல் நபி (ஸல்) உரைத்ததை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். வலியவரை விட்டு எளியவரைத் தண்டித்ததாலேயே முன்னைய சமூகங்கள் அழிந்தன என்றும் அப்போது எச்சரித்தார்கள். குலத்தால் வரும் வலிமைக்குச் சொன்னது சீருடையால் வரும் வலிமைக்கும் பொருந்தும்.

அம்மாணவனுக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. இப்போது வழக்குரை காதையை முடிக்கும் ஒவ்வோர் ஆண்டும் நூலை மூடுவதற்கு முன் அவன் கேட்ட கேள்வியை நானே வகுப்பில் கேட்கிறேன்.